பாட்டன் பெயரைப் பத்திரத்தில் தேடுவது

திருப்பூர் வட்டாரத்தில் குடும்ப வரலாறு பெரும்பாலும் நிலத்தோடு சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. இன்று பனியன் கம்பெனி நடத்தும் குடும்பங்களில் பலவும் இரண்டு தலைமுறைக்கு முன்பு தோட்டங்காட்டில் இருந்தவை. பிறந்த தேதியை யாரும் குறித்து வைக்காத வீடுகளில்கூட நிலம் வாங்கியதும் விற்றதும் பாகம் பிரித்ததும் பத்திரமாகப் பதிவாகியிருக்கும். இணையத்தில் முன்னோரைத் தேடுகிறவர் அங்கே தொடங்குவது நல்லது.

முதலில் ஊர், பிறகு பெயர்

கிழக்கு ஐரோப்பாவில் தங்கள் வேரைத் தேடும் யூதக் குடும்பங்கள் பெயருக்கு முன் ஊரை உறுதி செய்துகொள்கின்றன. இன்று உக்ரைனில் இருக்கும் லிவிவ், முதல் உலகப் போர் வரை ஆஸ்திரியாவிடமும் இரு போர்களுக்கு இடையே போலந்திடமும் இருந்தது. ஆட்சி மாறியபோது பதிவேட்டின் மொழியும் மாறியது. அதனால் ஜூயிஷ்ஜென் இணையதளத்தின் ஊர்ப் பட்டியல், ஒவ்வோர் ஊரும் எந்தக் காலத்தில் எந்த நாட்டில், எந்த மாவட்டத்தில் இருந்தது என்று காட்டுகிறது.

திருப்பூருக்கும் இதே கதைதான். மாவட்டம் உருவானது 2009இல். அவிநாசி, பல்லடம், உடுமலைப் பகுதிகள் கோவை மாவட்டத்திலிருந்தும், காங்கயமும் தாராபுரமும் ஈரோடு மாவட்டத்திலிருந்தும் வந்தன. அந்த ஈரோடு 1979இல் பெரியார் மாவட்டம் என்ற பெயரில் கோவையிலிருந்து பிரிந்தது. ஆகவே காங்கயத்துப் பூமி ஒன்றே 1975ஆம் வருடப் பத்திரத்தில் கோயமுத்தூர் ஜில்லா என்றும், 1985இல் பெரியார் மாவட்டம் என்றும் இருக்கும். திருப்பூரே முன்பு பல்லடம் தாலுக்காவில் இருந்த ஊர். சார்பதிவாளர் அலுவலக எல்லைகளும் இடையிடையே மாறியுள்ளன.

வில்லங்கம் போட்டுப் பார்ப்பது

பதிவுத்துறையின் இணையதளத்தில் பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதலான வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். கிராமமும் சர்வே எண்ணும் தெரிந்தால் போதும். இப்போதைய பட்டாவில் உள்ள எண் பழைய பத்திரத்தில் இல்லாமல் போகலாம். 1979க்குப் பிறகு நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல எண்கள் உட்பிரிவாயின. புதிய எண்ணுக்கு நேரான பழைய எண்ணைத் தாலுக்கா அலுவலகத்தில் கேட்டு வாங்கிய பிறகே மேலே போக முடியும். 1975க்கு முந்தியதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டியிருக்கும்.

கிடைக்கும் பதிவுகளில் பாகப்பிரிவினைக்கு நகல் மனு போடுவது முக்கியம். விற்பனைப் பத்திரம் இரண்டு பெயரோடு நின்றுவிடும். பாகபத்திரமோ அண்ணன் தம்பி அத்தனை பேரையும் வரிசைப்படுத்தும். தகப்பனார் பெயர், இறந்துபோனவரின் வாரிசுகள், மைனர்களுக்குக் கார்டியனாகக் கையெழுத்திட்ட தாயார் என எல்லாமே அதில் வரும். சொத்து விவரத்தில் நான்கு மால்களையும் (எல்லைகளையும்) விடாமல் படிக்க வேண்டும். வடபுறம் இன்னார் பூமி என்று வரும் பெயர், பல சமயம் முன்தலைமுறையில் பாகம் பிரிந்துபோன பங்காளியுடையது. கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கு என்று எழுதியிருந்தால், அந்தக் கிணறு ஒரே பாட்டனுடையதாக இருந்திருக்கலாம். அடமானப் பதிவுகளையும் தள்ளிவிடக் கூடாது. பூமியை அடகு வைத்துத் தறியோ நிட்டிங் மெஷினோ போட்ட வருடத்தை அவை காட்டிக்கொடுப்பதுண்டு.

ஒரே பெயர், பல ஆள்

பேரனுக்குப் பாட்டன் பெயர் வைக்கும் வழக்கத்தால் பழனிசாமியும் ராமசாமியும் தலைமுறை விட்டுத் தலைமுறை மாறி மாறி வருவார்கள். பெயரை மட்டும் பார்த்து ஆளை முடிவு செய்யாமல், தகப்பனார் பெயர், சர்வே எண், தோட்டத்தின் பெயர் ஆகிய மூன்றில் இரண்டேனும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது பாதுகாப்பு. பழனிச்சாமி, பழனிசாமி என எழுத்து வேறுபடும். பழைய பத்திரத்தில் இருந்த கவுண்டர், செட்டியார் போன்ற பட்டங்கள் பிந்தியவற்றில் விடுபடும். யூத வரலாற்றுத் தேடலில் இந்தச் சிக்கலுக்காகவே 1985இல் டெய்ச்–மோகோடாஃப் என்ற ஒலிவழித் தேடல் முறை உருவானது. இங்கே எல்லா எழுத்து வடிவங்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

பெண்கள் பெயர் கிடைப்பது கடினம். தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு தந்த சட்டத் திருத்தம் 1989இல் வந்தது. அதற்கு முந்திய பாகபத்திரங்களில் கட்டிக்கொடுத்த பெண் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. மொய் நோட்டும் பழைய கல்யாணப் பத்திரிகையும்தான் அந்த இடத்தை நிரப்புகின்றன.

நிலம் இல்லாத குடும்பங்கள்

காணி பூமி இல்லாதவர்களுக்கும், மதுரை, தேனிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்களுக்கும் வாக்காளர் பட்டியல் உதவும். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் பழைய பட்டியல்கள் உள்ளன. ஒரே கதவு எண்ணில் இருந்தவர்களின் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது ஆகியவை அதில் சேர்ந்து கிடைக்கும். அன்றைய தொகுதிப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். பொங்கலூர், வெள்ளகோவில் தொகுதிகள் 2008 மறுவரையறையில் இல்லாமல் போயின. வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் சொந்த ஊர்த் தொகுதியிலும் தேட வேண்டும்.

எழுதி வைப்பது

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆவண எண், வருடம், அலுவலகம் மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். குலதெய்வக் கோயிலில் கேட்டதும் பெரியவர்கள் சொன்னதும் தனிப் பத்தியில் இருக்கட்டும். பத்திரம் கிடைத்த பிறகு அவற்றை மாற்றி எழுதிக்கொள்ளலாம். உயிரோடு இருப்பவர்களின் சொத்து விவரத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில்கூடப் போடாமல் இருப்பது நல்லது. பாகத் தகராறு முடியாத குடும்பங்களில் பழைய பத்திரத்தின் நகல் ஒன்றே புதிய வழக்குக்குப் போதும்.