ரூபாய்ப் பத்தியும் பைசாக் கணக்கும்



பேரேட்டில் ரூபாய்க்கு ஒரு பத்தி, பைசாவுக்கு ஒரு பத்தி என்று நாமே கோடு கிழித்தோம். கணினியில் அந்தக் கோட்டைக் கிழிப்பவர் புரோகிராம் எழுதுபவர். எங்கே கிழித்தார் என்று நாம் கேட்பதில்லை. கேட்காமல் விட்டதால் நாங்கள் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், விருதுநகரில் எங்கள் மண்டிக்குப் புதிதாக ஒரு கணக்கு புரோகிராம் எழுதி வாங்கினோம். மாதக் கடைசியில் பில்களின் கூட்டலும் பேரேட்டு நிலுவையும் சில ரூபாய் வேறுபட்டன. பல காலம் எங்களோடு இருக்கும் கணக்குப்பிள்ளையை மூன்று மாதம் கடிந்துகொண்டோம். அவர் இரவெல்லாம் உட்கார்ந்து சிட்டை சிட்டையாகச் சரிபார்த்தார். தவறு அவரிடம் இல்லை. தொகைப் பத்தியை ‘ஃப்ளோட்’ என்ற வகையில் அமைத்திருந்தார்கள்.

ஃப்ளோட் என்றால் என்ன? நம் முன்னோர் பின்னத்தை அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகப் பிரித்தார்கள். ஃப்ளோட்டும் அப்படியே பிரிக்கிறது. பதினாறு அணா ரூபாய்க்கு அது பொருந்தும். ஓரணா சரியாக ஒரு வீசம். ஆனால் 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 பைசா. 50 பைசா அரை, 25 பைசா கால். 10 பைசாவோ எத்தனை முறை பாதியாக்கிக் கூட்டினாலும் சரியாக வராது. கணினி ஏறத்தாழ ஒரு மதிப்பை வைத்துக்கொள்ளும்.

தொகை பெரிதானால் ரூபாயே தப்பும். 32 பிட் ஃப்ளோட்டில் 1,67,77,217 என்று எழுதினால் 1,67,77,216 என்றே நிற்கும். தீபாவளிச் சீசனில் கோடியைத் தாண்டும் சிவகாசிப் பட்டாசுக் கணக்குக்கு இது ஆகாது. ‘டபுள்’ வகை இதைவிட நுட்பமானது. எனினும் 10 பைசா அதிலும் சரியாக நிற்காது.

பணத்துக்கு ஏற்றது ‘டெசிமல்’ வகை. டெசிமல் 12, 2 என்றால் மொத்தம் 12 இலக்கம். அதில் 2 புள்ளிக்குப் பின். ஆயிரம் கோடிக்கு ஒரு பைசா குறைவு வரை இதில் அடங்கும்.

எல்லாப் பத்திக்கும் இரண்டு இலக்கம் போதாது. 600 தீப்பெட்டி கொண்ட ஒரு பண்டல் 415 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெட்டி 0.69 என்று பதிந்தால் பண்டலுக்கு 414 ரூபாய்தான் வரும். நூறு பண்டலில் 100 ரூபாய் போச்சு. 0.6917 என்று பதிந்தால் 415.02 வரும். ஆகவே விலைக்கு 4 இலக்கம், கிலோ எடைக்குக் கிராம் வரை 3 இலக்கம் வேண்டும். பண்டல் கணக்கில் விலை பேசினால் பண்டல் விலையையே பதிவது இன்னும் நல்லது.

அடுத்தது ரவுண்ட் ஆஃப். 1957இல் ஓரணாவுக்கு 6.25 நயா பைசா; கொடுக்கல் வாங்கலில் 6 என்று கொண்டார்கள். ஓரணாச் சாமானை நான்கு தடவை தனித்தனியாக வாங்கினால் 24 பைசா. சேர்த்து வாங்கினால் 25. இன்றைய பில்லிலும் அதே கதைதான். 50.20 ரூபாய் மதிப்புள்ள மூன்று சரக்குக்கு 2.5 சதவீதம் மத்திய ஜி.எஸ்.டி. தனித்தனியே போட்டால் 1.26 வீதம் 3.78. மொத்தம் 150.60க்குப் போட்டால் 3.77. மாநில வரியிலும் இதே ஒரு பைசா. இரண்டில் ஒரு முறையை முடிவு செய்து, எல்லாப் பில்லிலும் அதையே கடைப்பிடிக்க வேண்டும். செலுத்தும் வரியை முழு ரூபாயாக்க ஜி.எஸ்.டி. சட்டத்தின் 170ஆம் பிரிவு வழி சொல்கிறது: 50 பைசாவும் அதற்கு மேலும் ஒரு ரூபாய், குறைந்தால் விட்டுவிடலாம்.

எனவே, புரோகிராம் வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். தொகைப் பத்தி டெசிமல்தானா? விலைக்கும் எடைக்கும் எத்தனை இலக்கம்? ரவுண்ட் ஆஃப் எந்த இடத்தில் நடக்கிறது, அந்த வித்தியாசம் தனிப் பத்தியில் ஏறுகிறதா?

எங்கள் புரோகிராமில் பத்தியை மாற்றிய மாதமே கணக்கு நேரானது. கணக்குப்பிள்ளையிடம் வருத்தம் தெரிவித்தோம். உங்கள் கடையில் கணக்கு உதைத்தால், ஆளைச் சந்தேகப்படுவதற்கு முன் பத்தியைப் பாருங்கள்.