வலி தீர்க்கும் பிளாஸ்திரியும் நம் வணக்கமும்

“எங்கள் மாமிக்குப் புற்றுநோய். வலி தாங்காமல் இரவெல்லாம் முனகுகிறார். தோலில் ஒட்டிக்கொள்ள டாக்டர் ஒரு பிளாஸ்திரி கொடுத்தார். அது அபின் இனத்து மருந்து என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ‘ஹராமை உடம்பில் ஒட்டிக்கொண்டு எப்படித் தொழுவேன்?’ என்று மாமி அதைப் பிய்த்துப் போட்டுவிட்டார்.”

ஒரு சகோதரி நம்மிடம் இவ்வாறு சொல்லிக் கண் கலங்கினார். இந்தச் சந்தேகம் பல வீடுகளிலும் எழக்கூடியது. ஆகவே விளக்கமாகவே பார்ப்போம்.

அது என்ன மருந்து?

அதன் பெயர் ஃபென்டனில். 1960இல் பெல்ஜியம் நாட்டு அறிஞர் பால் ஜான்சென் உருவாக்கியது. மார்ஃபினைப் போல வலியை அடக்கும். ஆனால் அதைவிட 50 முதல் 100 மடங்கு வீரியமானது. 1990இல் அமெரிக்காவில் இது பிளாஸ்திரியாக அனுமதி பெற்றது. 25 என்று குறியிட்ட பிளாஸ்திரியிலிருந்து மணிக்கு 25 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு, தோல் வழியே இரத்தத்தில் கலக்கிறது. பொதுவாக ஒரு பிளாஸ்திரி 72 மணி நேரத்துக்கு உரியது.

ஒட்டியவுடன் வலி அடங்காது. முழுப் பலன் தெரிய 12 முதல் 24 மணி நேரமாகும். அதற்குள் பொறுக்காமல் இன்னொன்றை ஒட்டுவது உயிருக்கே ஆபத்து. மார்ஃபின் போன்ற மருந்துக்கு ஏற்கனவே உடல் பழகியவருக்கே இதைக் கொடுப்பார்கள். மாமியின் பிளாஸ்திரியை மருமகன் தம் முதுகுவலிக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாது.

ஹராம் ஆகுமா?

போதைக்காக அறிவை மயக்குவது ஹராம். நோயின் தேவைக்காக, மருத்துவர் அளந்து கொடுப்பது வேறு. அழுகிய கையை வெட்டி எடுப்பதற்காக நோயாளியின் அறிவை மயக்கலாமா என்ற மஸ்அலாவில், கூடும் என்பதே மிகச் சரியானது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் முடிவு கூறியிருக்கிறார்கள். இந்தப் பிளாஸ்திரியின் நோக்கமோ அறிவை மயக்குவதுகூட அன்று, வலியை அடக்குவது. முதல் சில நாட்கள் தூக்கக் கலக்கம் இருக்கலாம். மலச்சிக்கல் பெரும்பாலும் உண்டாகும். அதற்கும் மருந்து கேட்டு வாங்கவேண்டும்.

நோய்க்கு மருந்து செய்துகொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். ஆகவே மருந்தை மறுப்பதுதான் ஸப்ரு என்று எண்ணவேண்டாம். வலியால் ருகூவுக்குக் குனிய முடியாதிருந்தவர் வலி அடங்கி நிதானமாகத் தொழுதால், அந்த மருந்து வணக்கத்துக்குத் துணை செய்ததேயன்றித் தடையாகவில்லை.

ஒளுவும் குளிப்பும்

மார்பு, முதுகு, மேற்கை ஆகியவையே இதை ஒட்டும் இடங்கள். முழங்கைக்கு மேலே ஒட்டியிருந்தால் ஒளுவுக்கு எந்தத் தடையும் இல்லை. கடமையான குளிப்பில்தான் கேள்வி எழும். இடையில் எடுக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால், காயக்கட்டின் சட்டமே இதற்கும் வரும். ஹனஃபீ மத்ஹபில் மற்ற இடங்களைக் கழுவிப் பிளாஸ்திரியின் மேல் ஈரக்கையால் மஸ்ஹு செய்யவேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் அதோடு தயம்மும் செய்யவேண்டும். சுத்தமான நிலையில் ஒட்டிய கட்டுக்கே சலுகை அதிகம். ஆகவே குளித்து, உடம்பு ஆறி, தோல் நன்றாக உலர்ந்த பின் ஒட்டுவது நல்லது. அந்த இடத்தில் சோப்போ எண்ணெயோ படக்கூடாது.

நோன்பு

தோல் வழியே ஊறும் தைலம், களிம்பு, மருந்துப் பிளாஸ்திரி ஆகியவை நோன்பை முறிக்கா என்று 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி தீர்மானித்தது. ஆனால் நோன்பு பிடிக்கவேண்டும் என்பதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டுப் பிளாஸ்திரிக்கு மாறவேண்டாம். நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான்.

இது ஓர் அமானிதம்

வெப்பம் பட்டால் மருந்து அளவுக்கு மீறி உடலில் ஏறும். வெந்நீர் ஒத்தடம், சூடான குளியல், வெயிலில் படுப்பது கூடா. காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவரிடம் சொல்லவேண்டும். நோயாளியை எழுப்ப முடியவில்லை, மூச்சு மெதுவாகி அடங்குகிறது என்றால் பிளாஸ்திரியை எடுத்துவிட்டுத் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும். எடுத்த பின்னும் தோலடியில் தங்கிய மருந்து பல மணி நேரம் இரத்தத்தில் கலந்துகொண்டேயிருக்கும்.

மூன்று நாள் முடிந்து எடுத்த பிளாஸ்திரியிலும் ஒரு குழந்தையைக் கொல்லப் போதுமான மருந்து மிச்சமிருக்கும். அதைத் தின்றும், ஒட்டிக்கொண்டும் குழந்தைகள் இறந்ததுண்டு. ஆகவே பசைப்பக்கம் உள்ளே வருமாறு இரண்டாக மடித்து, கணக்குப் பார்த்து, கொடுத்த மருத்துவமனையிலேயே திருப்பித் தரவேண்டும். கையில் பசை பட்டால் வெறும் தண்ணீரால் கழுவவேண்டும்.

நோயாளி மவுத்தாகிவிட்டால், குளிப்பாட்டுபவர்களிடம் சொல்லிப் பிளாஸ்திரியை முதலில் எடுக்கச் செய்யவேண்டும். துக்கத்தில் மறந்துபோகும் காரியம் இது.

அந்தச் சகோதரியிடம் நாம் சொன்னது இதுதான்: “முதலில் டாக்டரைக் கேட்டு, புதிய பிளாஸ்திரியை முறைப்படி ஒட்டிவிடுங்கள். வலி அடங்கியதும் மாமி தொழட்டும். உட்கார்ந்தாவது, படுத்தாவது தொழட்டும். பிய்த்துப் போட்டது எங்கே விழுந்தது என்று இன்றே தேடுங்கள். உங்கள் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.”

வலிப்படும் எல்லோருக்கும் வல்ல நாயன் ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.