ஒற்றைத் தோட்டா ரைபிள்

திருவொற்றியூரிற் செய்யப்பெற்று நாடெங்கும் பரவிய புல்லட் என்னும் மோட்டார் சைக்கிளை அறியாதார் இலர். புல்லட் என்பது துப்பாக்கிக் குண்டின் பெயர். அதனைச் செய்யும் கம்பெனிக்குரிய என்பீல்டு என்னும் பெயரோ, இங்கிலாந்தில் அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை விளங்கிய ஓர் ஊரின் பெயராகும். அத்தொழிற்சாலைக்கு நுண்ணிய உறுப்புக்களைச் செய்துகொடுத்த கம்பெனியே ராயல் என்பீல்டு எனப் பெயர் பூண்டு, முதலிற் சைக்கிளும் பின்னர் மோட்டார் சைக்கிளும் செய்யலாயிற்று. துப்பாக்கியைப் போன்ற செம்மையுடன் செய்யப்பட்டது என்பதே அதன் விளம்பரமாயிருந்தது. 1955-ஆம் ஆண்டில் மதராஸ் மோட்டார்ஸுடன் கூட்டாக என்பீல்டு இந்தியா தோன்றிற்று. அடுத்த ஆண்டிலே திருவொற்றியூர்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது.

இங்ஙனம் வடசென்னையின் தெருக்களில் நாள்தோறும் வழங்கும் ஒரு பெயருக்குப் பின்னே ஒரு துப்பாக்கி மறைந்து நிற்கின்றது. என்பீல்டில் உருவான துப்பாக்கிகளுள் ஒருவகை, ஒருமுறைக்கு ஒரே தோட்டாவைக் கொள்வது. சுட்டபின் மற்றொரு தோட்டாவைக் கையாலேயே இடவேண்டுவது. அவ்வகையைத் தழுவிய வேட்டை ரைபிள்களும் பல உண்டாயின. பத்துத் தோட்டாக்களைத் தொடர்ந்து சுடும் கருவி எளிதிற் கிடைக்கும் இக்காலத்தும், நூறாண்டு கடந்த ஒற்றைத் தோட்டா ரைபிளைப் பலர் பெரிதும் விரும்புகின்றனர். அவ்விருப்பத்தின் காரணம் யாது என்பதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். வேட்டையைப் புகழ்வது எம் கருத்தன்று.

கருவியின் அமைப்பு

முதற்கண், ரைபிள் இன்னதென அறிதல் வேண்டும். குழலின் உட்புறம் வழுவழுப்பாயிருப்பின் அது சாதாரண வேட்டைத் துப்பாக்கி. அதிற் பல சிறு ரவைகளை இட்டுச் சிதறச் சுடுவர். எண்ணூர்க் கழி, பழவேற்காட்டு ஏரி போன்ற நீர்ப்பரப்புக்களிற் பறக்கும் புள்ளினத்தின்மேற் சுடுதற்கு அவ்வகையே ஏற்றது. ரைபிளின் குழலிலோ திருகுச் சுற்றாகப் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றின் வழியே வெளிப்படும் தனிக் குண்டு பம்பரம் போலச் சுழன்று செல்லும். சுழலும் பம்பரம் சாயாது நிற்றல் போலச் சுழலும் குண்டும் நெறி பிறழாது நெடுந்தூரம் ஏகும். ஆதலின் தொலைவில் நிற்கும் பெருவிலங்கினைக் குறிவைப்பதற்கு உரியது ரைபிளே.

பழைய ரைபிள்களில் மருந்தும் குண்டும் குழலின் வாய்வழியே இட்டுக் கோலாற் கிட்டிக்கப்பட்டன. 1853-ஆம் ஆண்டின் என்பீல்டு ரைபிள் அத்தகையது. மருந்தையும் குண்டையும் பொதிந்த காகிதத் தோட்டாவைப் பல்லாற் கிழித்து அதில் இடுதல் வழக்கம். அத்தோட்டாவிற் பூசிய கொழுப்பைப் பற்றி எழுந்த ஐயமே 1857-ஆம் ஆண்டின் கிளர்ச்சிக்கு ஒரு காரணமாயிற்று என்பதைச் சரித்திரம் பயில்வோர் அறிவர். பின்னர் 1866-இல் ஸ்னைடர் என்பாரின் முறையால் அதே ரைபிளின் பின்புறம் திறக்கப்பட்டு, அவ்வழியே தோட்டா இடப்பட்டது. 1871-இல் மார்ட்டினி-ஹென்றி ரைபிள் ஆங்கிலப் படையில் ஏற்கப்பட்டது. அமெரிக்கராகிய பீபாடி 1862-இல் உரிமை பெற்ற முறையைச் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த மார்ட்டினி திருத்தினார். குழலின் புரிப்பள்ளங்களை எடின்பரோ நகரத்து அலெக்சாந்தர் ஹென்றி வகுத்தார். இருவர் பெயரும் அக்கருவிக்கு வாய்த்தன.

அதன் இயக்கம் மிக எளியது. விசைக்குப் பின்னுள்ள நெம்புகோலைக் கீழே தள்ளினால், குழலின் பின்வாயை அடைத்து நிற்கும் எஃகுக் கட்டையின் முன்புறம் தாழும். வெடித்த பித்தளைக் கூடு வெளியே தெறிக்கும். உள்ளிருக்கும் சுடுமுள்ளும் மீண்டும் ஆயத்தமாகும். புதிய தோட்டாவைக் கையால் இட்டு நெம்புகோலை உயர்த்தினால் வாய் அடைபடும். தோட்டாவில் 85 கிரெயின் கருமருந்தும் 480 கிரெயின் எடையுள்ள ஈயக் குண்டும் இருந்தன. பழகியவன் நிமிடத்திற்குப் பன்னிரண்டு முறை வரையில் சுட வல்லனாயிருந்தான்.

இம்முறையின் நயம் வேட்டைத் துப்பாக்கி செய்வோரையும் ஈர்த்தது. ஸ்காட்லாந்தினராகிய ஜான் பார்குவார்சன் 1872-இல் எஃகுக் கட்டை முழுதும் நேரே கீழிறங்கும் ஓர் அமைப்பிற்கு உரிமை பெற்றார்; அதனைப் பிரிஸ்டல் நகரத்து ஜார்ஜ் கிப்ஸ் கம்பெனியார் சிறப்புறச் செய்தனர். அமெரிக்காவில் ஜான் பிரௌனிங் என்பார் தம் இருபத்து நான்காம் வயதில், 1879-இல், உரிமை பெற்ற ஒற்றைத் தோட்டா ரைபிளை வின்செஸ்டர் கம்பெனியார் வாங்கி 1885-இல் வெளியிட்டனர்.

தென்னாட்டிற்கு வந்த வழி

இத்தகைய துப்பாக்கிகள் கடல் கடந்தே இங்கு வந்தன. 1876-இல் துறைமுக வேலை தொடங்கும் வரை சென்னையிற் கப்பல்கள் கரையை அணுக இயலாமல் அலைக்கப்பால் நின்றன. ஆட்களையும் சரக்குகளையும் மசூலாப் படகுகளே கரை சேர்த்தன. அக்கரைக்கு அண்மையிலுள்ள இராயபுரத்திலிருந்துதான் 1856-இல் தென்னிந்தியாவின் முதல் இரயில் வண்டி வாலாஜா ரோடு வரை ஓடிற்று. 1862-இல் அப்பாதை மேற்குக் கடற்கரையை எட்டியது. 1873-இல் நீலகிரியின் அடிவாரமாகிய மேட்டுப்பாளையத்திற்கும் இரயில் சென்றது. அவ்வாண்டிலேயே சென்னையில் சென்ட்ரல் நிலையமும் எழுந்தது. அதற்கு முன் மேற்றிசை செல்வோர்க்கு இராயபுரமே வாயில். மலையேறி வேட்டையாடப் புறப்பட்ட துரைமாரும் அவர்தம் துப்பாக்கிப் பெட்டிகளும் அவ்வாயிலைக் கடந்தே சென்றனர் என்க. 1849-இல் தோன்றிய பி. ஆர் அண்டு சன்ஸ் என்னும் கடிகாரக் கடையாரும் தம் பெயர் பொறித்த துப்பாக்கிகளைச் சென்னையில் விற்றனர்.

கவர்ச்சியின் காரணங்கள்

இனி அதன் கவர்ச்சியை ஆராய்வோம். முதற் காரணம் தொழில் நேர்த்தி. உறுப்புக்கள் சில, ஒவ்வொன்றும் திண்மையுடையது. தோட்டாக்களை அடுக்கும் பெட்டியும், முன்னும் பின்னும் ஓடும் தாழ்க்கோலும் இல்லாமையால், குழல் நீண்டதாயினும் முழுத் துப்பாக்கி குறுகியே அமையும். எடை கைகளின் நடுவே நிற்கும். வாதுமை மரக் கட்டையும், அரத்தால் இழைத்த எஃகும், செதுக்கிய பூவேலையும் ஒருங்கு நோக்குவோர்க்கு அது ஒரு கருவி என்பதினும் ஒரு கைவினைப் பொருளாகவே தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டோடு மறைந்திருக்க வேண்டிய இம்முறையை, 1967-இல் அமெரிக்க நாட்டு ரூகர் கம்பெனியார் பார்குவார்சன் அமைப்பைப் பின்பற்றிப் புதுப்பித்தபோது அதனை வாங்குவோர் பலராயினர்.

இரண்டாவது காரணம் இதனினும் ஆழமானது. கையிலிருப்பது ஒரே தோட்டா என்று உணர்ந்தவன் நடக்கும் நடையே வேறு. காற்று எத்திசையில் வீசுகின்றது, விலங்கு எவ்வளவு தொலைவில் நிற்கின்றது, இடையே கிளை உண்டோ, தன் மூச்சு அடங்கிற்றோ என்பனவற்றை எல்லாம் அவன் சுடுவதற்கு முன்னரே எண்ணியாக வேண்டும். சுட்ட பின் எண்ணுவதற்கு அவனுக்கு நேரமில்லை. கருமருந்தின் புகையோ கண்ணை மறைக்கும். அடிபட்ட விலங்கு தன்மேற் பாயினும் அறியான். ஆகவே ஐயம் தோன்றின் சுடாது திரும்புதலே அவனுக்கு அறிவுடைமை. விரலை அடக்கக் கற்பித்தலே இக்கருவியின் தலையாய பயன்.

குமாவோன் மலைநாட்டில் ஆட்கொல்லிப் புலிகளை வென்ற ஜிம் கார்பெட், சிறுவராயிருந்தபோது தமக்கு இரவலாகக் கிடைத்த மார்ட்டினி ரைபிள் ஒன்றைக் கொண்டே தம் முதற் சிறுத்தையைச் சுட்டார். 1953-இல் வெளிவந்த தம் நூலில் அதனை அவர் விரித்துரைத்துள்ளார். காட்டின் ஒலிகளையும் அடிச்சுவடுகளையும் அத்துணை நுணுக்கமாகக் கற்ற ஒருவர் ஒற்றைத் தோட்டாவிலே தம் பயிற்சியைத் தொடங்கினார் என்பது கருதத் தக்கது.

தமிழ் பயில்வோர்க்கு இக்கருத்துப் புதிதன்று. கொல்லிமலைத் தலைவனாகிய வல்வில் ஓரியைப் பாடிய வன்பரணர், அவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்திப் புலியையும் மானையும் பன்றியையும் கடந்து புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைத்ததாகப் புறநானூற்றிற் கூறுகின்றார். இது புலவரின் மிகையே எனினும், அம்மிகை எதனை உயர்த்துகின்றது என்பதே ஈண்டு நோக்கத் தக்கது. ஓரியின் தூணியில் அம்புகள் பலவிருந்தன என்பது புகழாகாது. ஓரம்பு போதுமாயிருந்தது என்பதே புகழாயிற்று.

விதிக்கப்பட்ட வரம்பு

நிற்க. ஒற்றைத் தோட்டாவின் பெருமையை இவ்வளவில் முடித்துவிடின் நாம் சரித்திரத்திற்குப் பிழை செய்தவராவோம். வேட்டைக்காரனுக்கு அது தானே விரும்பி ஏற்ற நோன்பு. நம் நாட்டுச் சிப்பாய்க்கோ அது பிறர் இட்ட தளை.

1857-ஆம் ஆண்டிற்குப் பின்னர் ஆங்கில அரசாங்கத்தார் இந்தியச் சிப்பாய்களின் கையில் புதிய துப்பாக்கியைத் தர அஞ்சினர். ஆங்கிலப் போர்வீரர் மார்ட்டினி ரைபிளைப் பெற்றபோது சிப்பாய்க்குப் பழைய ஸ்னைடர் கிடைத்தது. 1888-இல் பல தோட்டாக் கொள்ளும் லீ-மெட்போர்டு ரைபிள் ஆங்கிலப் படைக்கு வரத் தொடங்கிய பின்னரே, அவர்கள் கழித்த மார்ட்டினி சிப்பாயை அடைந்தது. எப்பொழுதும் ஒருபடி பின்னே நிறுத்துதலே அரசாங்கக் கொள்கை. வங்காளத்து ஈசாப்பூர்த் தொழிற்சாலையில் இதனினும் வியப்பான ஒரு வேலை நிகழ்ந்தது. பத்துத் தோட்டாக் கொள்ளும் லீ-என்பீல்டு ரைபிளின் புரிப்பள்ளத்தை நீக்கி, தோட்டாப் பெட்டியில் மரக்கட்டையைச் செருகி, ஒரு தோட்டா மட்டுமே இடத்தக்கதாக மாற்றிப் போலீசாருக்கும் சிறைக்காவலருக்கும் வழங்கினர்!

பொதுமக்களின் நிலையும் அத்தகையதே. லிட்டன் பிரபு இராஜப்பிரதிநிதியாயிருந்த காலத்தில், 1878-இல், ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியர் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்சு வேண்டும். ஐரோப்பியருக்கு அது வேண்டுவதில்லை. குடகு நாட்டார் விலக்களிக்கப்பட்ட சிலருள் அடங்குவர். இன்றும் அவர்கள் கைல்போது விழாவில் தம் வீட்டுத் துப்பாக்கிகளுக்கு மாலையிட்டு வழிபடுகின்றனர். 1907-ஆம் ஆண்டளவில், மார்ட்டினி ரைபிளின் அளவாகிய 0.450 அங்குலத் துப்பாக்கிகளும் தோட்டாக்களும் இந்தியாவிற்குள் வருதல் தடுக்கப்பட்டது. கிளர்ச்சிக்காரர் கைக்கு அவை எட்டலாகாது என்பதே காரணம். அதனால் இங்கிலாந்தின் துப்பாக்கித் தொழிலாளர் 0.465, 0.470 முதலிய புதிய அளவுகளை வகுத்தனர். பெருவிலங்கு வேட்டையிற் பெயர்பெற்ற அத்தோட்டாக்கள் தோன்றியதற்குக் காரணம் காட்டின் தேவையன்று, ஆளுவோரின் அச்சமே என்பதை விரும்பிச் சேர்ப்போருட் பலர் எண்ணுவதில்லை.

பொது வரம்பு

இன்னும் ஒன்று கூறவேண்டும். தனி மனிதன் தானே ஏற்ற நோன்பு காட்டைக் காத்ததா எனின், காக்கவில்லை. ஒவ்வொரு வேட்டைக்காரனும் ஒரு குண்டே சுட்டிருப்பினும் சுட்டவர் பலராயினமையால் நீலகிரியின் விலங்குகள் அருகின. வேட்டையை விரும்பியோரே கவலையுற்று முயன்றதன் பயனாக 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. பின்னர் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நாடெங்கும் வேட்டைக்கு முடிவு கட்டிற்று. அச்சட்டம் துரைக்கு ஒன்றும் சிப்பாய்க்கு ஒன்றுமாக அமைந்ததன்று. எல்லோரையும் ஒப்பக் கட்டுவது. ஒருகாலத்தில் துப்பாக்கிக்கு இலக்காயிருந்த வரையாடு இன்று தமிழ்நாட்டின் விலங்காகப் போற்றப்படுகின்றது. 2024-இல் நிகழ்ந்த கணக்கெடுப்பில் இம்மாநிலத்தில் 1,031 வரையாடுகள் காணப்பட்டன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் வரம்பு மூவகைப்படும் என்பது பெறப்படும். வலியவன் எளியவன்மேற் சுமத்தும் வரம்பு இழிவு. ஒருவன் தன் ஆற்றலுக்குத் தானே இடும் வரம்பு பெருமை. யாவரும் கூடி யாவர்க்குமாக வகுக்கும் வரம்பு அறம். ஒற்றைத் தோட்டா ரைபிளின் வரலாற்றில் இம்மூன்றும் விளங்குகின்றன. ஆதலின் அதனை விரும்புவோர் இரண்டாவதை மட்டும் கண்டு மகிழ்தல் போதாது; முதலாவதை மறவாமலும் மூன்றாவதை மீறாமலும் இருத்தல் வேண்டும்.

மாணவத் தோழர்களே, பழைய படைக்கலங்களைக் காண விரும்புவோர் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும் எழும்பூரிலும் உள்ள அருங்காட்சியகங்களுக்குச் செல்லலாம். ஆயின் அக்கருவி கற்பிக்கும் பாடத்தைக் கற்கக் காடும் வேண்டா, துப்பாக்கியும் வேண்டா. ஒரே காட்சியைக் கைப்பேசியில் நூறு படம் எடுத்து ஒன்றையும் நோக்காதிருத்தலும், எழுந்த சொல்லையெல்லாம் எண்ணாது எய்து பின் வருந்துதலும் இக்காலத்து இயல்பாகிவிட்டன. விடுத்த குண்டு மீளாது, சொல்லும் அத்தகையதே. சொல்லுமுன் ஒருகணம் நின்று, இஃது இப்பொழுது வேண்டுவதோ என வினவும் பழக்கத்தைக் கல்லூரி நாட்களிலேயே நாம் பெறுவோமாயின், அப்பழந்துப்பாக்கி உயிர்க்கொலையின்றியே நமக்குப் பயன்பட்டதாகும்.