வேலையை விடாம எம்.பி.எச். படிக்கணுமா? ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி இதைக் கேளு

பத்து வருஷம் வார்டுல நின்ன பிறகு, 'நாம ஓடி ஓடிச் செய்யறதால நோயாளிக்கு நிஜமாவே பலன் இருக்கா'ன்னு ஒரு கேள்வி வரும். அதை முறையா ஆராயறதுதான் மருத்துவச் சேவை மதிப்பீடு. அதுக்காக எம்.பி.எச்., அதாவது பொதுச் சுகாதார முதுகலை, படிக்க ஆசைன்னா தாராளமா சேரு தங்கச்சி. ஆனா எங்கெல்லாம் வழுக்கும்னு நான் பார்த்திருக்கேன். அதனால சொல்றேன்.

1. முதல்ல அனுமதி, அப்புறம் அட்மிஷன். அரசு வேலையில இருந்தா துறை அனுமதியை எழுத்துல வாங்கு. 'மேடம் வாயால சரின்னு சொன்னாங்க'ன்னு சேர்ந்துட்டு, பதவி உயர்வு வரும்போது அழாதே. தபால்லயே எம்.எஸ்சி. நர்சிங் முடிச்சுத் தர்றேன்னு யாராவது சொன்னா, பணத்தை எடுக்காம எழுந்து வந்துடு. அது செல்லாது. மத்த தொலைநிலைப் படிப்புக்கும் யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்கான்னு நீயே பாரு, ஏஜென்ட் பேச்சை நம்பாதே.

2. காலை நனைச்சுப் பாரு. தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் என்.பி.டெல் தளத்துல நடத்தற 'ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமென்டல்ஸ்' பாடத்தைக் காசில்லாமலே படிக்கலாம், தேர்வு எழுதினாத்தான் கட்டணம். நைட் டூட்டி வாரத்திலயும் அதை விடாம பார்க்க முடியுதான்னு பாரு. முடியலைன்னா இந்த வருஷம் சேராதே, அடுத்த வருஷம் சேரு. அதுல ஒரு அவமானமும் இல்ல.

3. பஞ்சாங்கத்தையும் தேர்வு அட்டவணையையும் பக்கத்துல பக்கத்துல வை. இக்னோ மாதிரி இடத்துல ஜூன், டிசம்பர்ல தேர்வு. நம்ம காஞ்சிபுரத்துலயோ வைகாசியில வரதராஜப் பெருமாள் கருட சேவை. ஊரே நிரம்பும், முகாம் டூட்டி விழும், வீட்டுல விருந்தாளி வருவாங்க. அசைன்மென்ட்டைச் சித்திரைக்குள்ள முடிச்சு அனுப்பிடு.

4. தீசிஸை உன் வேலைக்குள்ளயே தேடு. இதை மட்டும் நல்லா கேளு, பாதிப் பேர் தோக்கறது இங்கதான். வேலை ஒரு பக்கம், ஆராய்ச்சி இன்னொரு பக்கம்னு வெச்சா ரெண்டும் கெடும். 2001-ல தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், பணியில இருந்த மருத்துவ அலுவலர்களுக்காக ஒரு முதுகலைப் படிப்பு ஆரம்பிச்சது. கொஞ்ச நாள் வகுப்பு, மீதி நாள் சொந்த மாவட்டத்திலயே களப்பணி. உனக்கும் அந்த வழிதான் சரி.

நீ பி.பி., சுகர் கிளினிக்ல இருக்கேன்னு வை. 1966-ல டொனபேடியன்ங்கற மருத்துவர் ஒரு வழி சொன்னார்: அமைப்பு, செயல்முறை, பலன்னு மூணாப் பிரிச்சுப் பாரு. மாத்திரை ஸ்டாக் இருக்கா, பி.பி. மெஷின் சரியா காட்டுதா? அது அமைப்பு. ஒவ்வொரு தடவையும் உட்கார வெச்சு அளந்தாங்களா? அது செயல்முறை. 140/90-க்குக் கீழ வந்துச்சா? அது பலன். 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் ஆரம்பிச்ச பிறகு மாத்திரை வீட்டுக்கே வருது. பிள்ளையார்பாளையத்துல குழித்தறியில உட்கார்ந்திருக்கறவர் கைக்கு மாத்திரை போய்ச் சேர்ந்துச்சு, சரி. பி.பி. குறைஞ்சுதா? இது போதும் உனக்கு தீசிஸ்.

எண்ணும்போது ஏமாந்துடாதே. கிளினிக்குக்கு வந்தவங்களை மட்டும் எண்ணினா எல்லாருக்கும் பி.பி. கட்டுக்குள்ள இருக்கற மாதிரி தெரியும். ரெஜிஸ்டர்ல பேர் இருந்தும் வராதவங்களையும் கணக்குல சேர்த்துக்கோ. ஒரு நாள் தறியை நிறுத்தினா கூலி போகும்னு வராம இருக்கறவங்கதான் நீ தேட வேண்டிய ஆளுங்க.

இன்னொண்ணு: யூனிஃபார்ம்ல போய் 'சேவை எப்படி இருக்கு'ன்னு கேக்காதே. 'குறையே இல்ல சிஸ்டர்'னுதான் சொல்வாங்க. வேற ஆளை விட்டுக் கேக்கச் சொல்லு.

5. மாவட்டப் புள்ளிவிவரத்துல ஜாக்கிரதை. 2019 நவம்பர்ல செங்கல்பட்டு தனி மாவட்டமாப் பிரிஞ்சது. ஆனா 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுல 'காஞ்சிபுரம்'னு போட்டிருக்கறது பிரிக்கறதுக்கு முந்தின பெரிய மாவட்டம். அதை இன்னைக்கு இருக்கற மாவட்டத்தோட ஒப்பிட்டு 'முன்னேற்றம்'னு எழுதிடாதே. வைவாவுல முதல் கேள்வி அதுவாத்தான் இருக்கும்.

6. எதிக்ஸ் கமிட்டி கையெழுத்து வராம ஒரு கேஸ் ஷீட்டையும் தொடாதே. நான் தொட்டேன். 'நம்ம ரெஜிஸ்டர்தானே'ன்னு நானூறு பேர் விவரத்தை எழுதி எடுத்துட்டு, அப்புறம் அனுமதிக்குப் போனேன். அத்தனையும் வேண்டாம்னுட்டாங்க, ஆறு மாசம் போச்சு. உனக்கு அது நடக்கக் கூடாது. கூட வேலை செய்யறவங்ககிட்டயும் முன்கூட்டியே சொல்லிடு. அவங்க தப்பைப் பிடிக்க வந்திருக்கேன்னு நினைச்சா ரெஜிஸ்டர் காணாமப் போகும்.

7. சாஃப்ட்வேருக்குக் காசு கொட்டாதே. கணக்குக்கு எபி இன்ஃபோ, மேற்கோள் அடுக்க ஸொட்டேரோ, ரெண்டும் இலவசம். ஃபைலை ரெண்டு இடத்துல வை. நோயாளி பேரை எடுத்துட்டு எண் மட்டும் போட்டு வை.

8. வீட்டுல வாய் திறந்து கேளு. கோர்வைச் சேலையை ஒத்தை ஆள் நெய்ய முடியாதுன்னு இந்த ஊர்ல உனக்கு நான் சொல்லணுமா? வாரத்துல ரெண்டு ராத்திரி சமையல் உன்னோடது இல்லைன்னு முடிவு பண்ணு. நைட் டூட்டி முடிச்சு வந்து உடனே புத்தகத்தைத் திறக்காதே. தூங்கி எழுந்து, டீ குடிச்சு, அப்புறம் ஒரு மணி நேரம் போதும். தூக்கக் கலக்கத்துல தப்பா ஏத்தின டேட்டாவை திருத்த மூணு மடங்கு நேரம் ஆகும்.