இரண்டு தாள்களில் ஓர் இரகசியம்

சென்ற வருடம் உம்மம்மா சுகவீனமுற்று ஆஸ்பத்திரியில் இருந்தபோது, துணுக்காயிலுள்ள எங்கள் வீட்டில் காணிப் பத்திரங்கள் வைத்திருந்த பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தது. அதில் நான்கு இலக்கப் பூட்டு. இலக்கம் உம்மம்மாவுக்கு மட்டுமே தெரியும். காய்ச்சல் மயக்கத்தில் அவருக்கு அது நினைவுக்கு வரவில்லை. கடைசியில் வாப்பா பூட்டை உடைத்தார்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பமும் புத்தளத்துக்குப் போனது. பின்னர் சிலர் திரும்பினோம். மாமி இன்னும் புத்தளத்தில் இருக்கிறார். எனவே புதிய பூட்டின் இலக்கத்தை யாரிடம் கொடுப்பது என்ற பேச்சு வந்தது. ஒருவரிடம் மட்டும் இருந்தால் மறந்து போகலாம். எல்லோரிடமும் இருந்தால் அது இரகசியமே அல்ல. "பாதியை இங்கேயும் பாதியைப் புத்தளத்திலும் வைப்போம்" என்றார் உம்மா.

நல்ல யோசனைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. நான்கு இலக்கப் பூட்டுக்கு 10,000 சாத்தியங்கள் உள்ளன. முதல் இரண்டு இலக்கங்கள் ஒருவருக்குத் தெரிந்தால் மீதி 100 மட்டுமே. ஒரு பின்னேரம் உட்கார்ந்து திருப்பிப் பார்த்தால் பூட்டுத் திறந்துவிடும். பாதி இரகசியத்தை வைத்திருப்பவருக்கு ஒன்றுமே தெரியாமல் இருக்க ஒரு வழி உண்டா? இந்தக் கேள்விதான் என்னை இக்கட்டுரையின் விடயத்துக்குக் கொண்டுவந்தது.

எழுத்தை மாற்றினால் போதுமா?

இரகசியம் பேசுவது நமக்குப் புதிதல்ல. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கும்படி வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்று நன்னூலில் படிக்கிறோம். வகுப்பில் சிநேகிதிகள் ஓர் எழுத்துக்குப் பதில் இன்னோர் எழுத்தைப் போட்டுத் துண்டு எழுதுவதும் உண்டு. ஆனால் அந்த வழி பழைய காலத்திலேயே உடைபட்டுவிட்டது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி, இரகசிய எழுத்துகளை வாசித்தறிவது பற்றி அரபு மொழியில் ஒரு நூல் எழுதினார். ஒரு மொழியில் சில எழுத்துகள் அடிக்கடி வரும், சில அரிதாக வரும். இரகசியத் துண்டில் எந்தக் குறி அதிகம் வருகிறது என்று எண்ணினால், அது எந்த எழுத்தின் இடத்தில் நிற்கிறது என்று ஊகிக்கலாம். இதுவே அவர் காட்டிய வழி.

படத்துக்குள் ஒளித்தல்

இன்னொரு வழி, இரகசியம் இருப்பதே தெரியாமல் ஒரு படத்துக்குள் ஒளிப்பது. கணினிப் படம் சின்னஞ்சிறு புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறங்களின் அளவு 0 முதல் 255 வரையான எண்களாகப் பதியப்படும். 200 ஆக இருக்கும் சிவப்பை 201 ஆக்கினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அந்தக் கடைசி 0 அல்லது 1 இல் நமது செய்தியை வைக்கலாம். ஒரு புள்ளியில் 3 பிற்றுகள் அடங்கும். கணினியில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்குப் பெரும்பாலும் 3 பைற்றுகள் தேவை. 'உம்மா' என்ற சொல்லில் உ, ம, புள்ளி, ம, அரவு என ஐந்து குறியீடுகள். ஆகவே 15 பைற்றுகள், அதாவது 120 பிற்றுகள். வெறும் 40 புள்ளிகளுக்குள் உம்மாவை ஒளித்துவிடலாம்!

ஆனால் இதிலும் குறை உண்டு. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அது சுருக்கப்படுவதால் ஒளித்த செய்தி அழிந்துபோகும். தேடத் தெரிந்தவர் கண்டுபிடிக்கவும் கூடும்.

கண்ணால் திறக்கும் பூட்டு

1994 இல் மோனி நாவோர், ஆதி ஷமீர் என்ற இரு கணினி விஞ்ஞானிகள் காட்சி மறையீடு என்ற முறையை வெளியிட்டார்கள். இரகசியத்தை இரண்டு துண்டுகளாகப் பிரித்து இரண்டு கண்ணாடித் தாள்களில் அச்சிடுவார்கள். ஒன்றைத் தனியே பார்த்தால் வெறும் கறுப்புப் புள்ளிகள். ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் எழுத்துத் தெரியும். வாசிக்கக் கணினியும் வேண்டாம், கணக்கும் வேண்டாம்.

இதை நான் கையாலேயே செய்து பார்த்தேன். ஓர் இலக்கத்தை 5க்கு 7 சதுரங்களில் வரைந்தால் 35 சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்தையும் இடம், வலம் என இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் தாளுக்கு நாணயத்தைச் சுண்ட வேண்டும்: தலை விழுந்தால் இடப்பக்கம் கறுப்பு, பூ விழுந்தால் வலப்பக்கம் கறுப்பு. இரண்டாம் தாளில், இலக்கம் இல்லாத வெற்றுச் சதுரமானால் முதல் தாளில் உள்ளபடியே நிரப்ப வேண்டும். இலக்கத்தின் கோடு போகும் சதுரமானால் மாற்றி நிரப்ப வேண்டும்.

இரண்டையும் சேர்த்தால் வெற்றுச் சதுரங்கள் பாதி கறுப்பாக, சாம்பல்போலத் தெரியும். இலக்கத்தின் சதுரங்கள் முழுக் கறுப்பாகும். தனித் தாளில் எல்லாச் சதுரமும் பாதி கறுப்புத்தான். எந்தப் பாதி என்பதை முடிவு செய்தது நாணயம். ஆகவே ஒரு தாளைத் திருடியவருக்கு முன்போல 10,000 சாத்தியங்களும் அப்படியே இருக்கும், ஒன்றுகூடக் குறையாது. எங்கள் நான்கு இலக்கங்களுக்கும் 140 தடவை நாணயம் சுண்டினேன். விரல் நொந்தது.

ஒரு தாள் தொலைந்தால்?

ஒன்று தொலைந்தால் இரகசியமும் தொலைந்துவிடும். இடம்பெயர்ந்த அனுபவமுள்ள உம்மம்மா முதலில் கேட்டதும் இதைத்தான். அதற்கும் வழியுண்டு. ஒவ்வொரு சதுரத்தையும் மூன்று கீற்றுகளாகப் பிரித்து மூன்று தாள்கள் செய்யலாம். ஒவ்வொரு தாளிலும் ஒரு கீற்று மட்டும் கறுப்பு. வெற்றுச் சதுரத்தில் மூன்று தாள்களுக்கும் ஒரே கீற்று. இலக்கச் சதுரத்தில் ஒவ்வொன்றுக்கும் வேறு கீற்று. எந்தக் கீற்று யாருக்கு என்பதை ஒவ்வொரு சதுரத்துக்கும் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். எந்த இரண்டு தாள்களைச் சேர்த்தாலும் வெற்றிடத்தில் ஒரு கீற்றும் இலக்கத்தில் இரண்டு கீற்றுகளும் கறுக்கும். மங்கலாக இருந்தாலும் வாசிக்கலாம். ஒரு தாள் தொலைந்தாலும் கவலையில்லை.

யார் யார் சேர்ந்தால் இரகசியம் தெரியவேண்டும் என்று விரும்பியபடி தீர்மானிக்கும் முறைகளும் உள்ளன. 2004 டிசம்பரில் சென்னையில் நடந்த இந்தோகிரிப்ட் மாநாட்டில் பிமல் ராய் உள்ளிட்ட இந்திய ஆய்வாளர்கள் அத்தகைய முறையொன்றை முன்வைத்தனர்.

செய்து பார்க்க விரும்புவோர் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். நாணயத்தைச் சுண்டாமல் மனம்போனபடி நிரப்பக் கூடாது. மனித மனம் தன்னை அறியாமல் ஓர் ஒழுங்கைப் பின்பற்றும். பூட்டிலக்கம் மாறினால் பழைய முதல் தாளை மீண்டும் பாவிக்கக் கூடாது. இரண்டு இரண்டாம் தாள்களைச் சேர்த்தால் இரண்டு இலக்கங்களும் எங்கே வேறுபடுகின்றன என்பது தெரிந்துவிடும். எல்லாத் தாள்களையும் ஒரே போனில் படமெடுத்து வைக்கவும் கூடாது.

இப்போது ஒரு தாள் உம்மம்மாவிடமும், ஒன்று புத்தளத்தில் மாமியிடமும், ஒன்று விடுதியில் என்னிடமும் இருக்கின்றன. ஒரு தாளைத் திருடியவரிடமிருந்து கணிதம் எங்களைக் காக்கும். ஆனால் தாள் வைத்திருக்கும் இருவர் சேர்ந்து துரோகம் செய்ய நினைத்தால் எந்தக் கணிதமும் தடுக்காது. இரகசியமும் ஓர் அமானிதம்தான். அதைக் கொடுப்பதற்கு முன் ஆளைப் பார்த்துக் கொடுக்க வேண்டியது நமது பொறுப்பு.

நோன்புப் பெருநாளுக்கு மாமி தன் தாளுடன் வந்திருந்தார். உம்மம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு தாள்களையும் சேர்த்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நான்கு இலக்கங்களையும் தானே வாசித்துப் பெட்டியைத் திறந்தார். அல்ஹம்துலில்லாஹ், இம்முறை பூட்டை உடைக்கவில்லை.