தரமும் தோழமையும்

சென்ற பருவத்தில் இயற்பியல் செய்முறை வகுப்பில் நாங்கள் மூவர் ஒரு குழுவாகச் சோதனை செய்துகொண்டிருந்தோம். நுண்ணோக்கியின் வெர்னியர் அளவை நண்பன் தவறாக வாசித்தான். நான் கவனித்தேன், ஆனால் சொல்லவில்லை. அவன் வருந்துவானோ என்ற தயக்கம் ஒருபுறம். மணி அடிக்கப் போகிறதே என்ற அவசரம் மறுபுறம். விளைவு, மூவர் குறிப்பேட்டிலும் அதே தவறு ஏறிற்று.

ஒரு கருவியை மூவர் கையாளும்போதே இப்படியென்றால், ஆயிரக்கணக்கான உறுப்புகளைப் பலநூறு பேர் சேர்ந்து பூட்டும் மோட்டார் காரில் தவறு நேராமல் காப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேடிப் படித்தபோது அறிந்தவற்றையே இங்குத் தருகிறேன்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து ஃபிரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார்த் தொழிற்சாலை ஒன்று இருந்தது. நிர்வாகத்துக்கும் தொழிலாளர்க்கும் இடையே ஓயாத பூசல். கார்களிலோ குறைகள் மலிந்திருந்தன. 1982இல் ஆலை மூடப்பட்டது. பின்னர் ஜப்பானிய டொயோட்டா நிறுவனம் கூட்டுச் சேர, 'நும்மி' என்ற பெயரில் 1984இல் அங்கே மீண்டும் உற்பத்தி தொடங்கிற்று. வேலைக்கு வந்தவர்களுள் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே. மாறியவை பயிற்சியும் வேலைமுறையும் ஆகும்.

குழுத் தலைவர்கள் அணி அணியாக ஜப்பானுக்கு அனுப்பப்பட்டு, அங்குள்ள தொழிலாளர்களோடு அருகருகே நின்று வேலை பழகினர். அவர்கள் பெற்ற பயிற்சியில் இரு கூறுகளைக் காண்கிறேன்.

முதலாவது தொழில்நுட்பத் திறன். முன்பெல்லாம் தொழிற்பொறியாளர் கடிகாரத்துடன் வந்து நேரத்தை அளந்து, செய்முறையை வகுத்துத் தருவார். நும்மியிலோ தொழிலாளர்களே ஒருவர் வேலையை மற்றவர் அளந்து, சிறந்த முறையைத் தாமே எழுதிவைக்கக் கற்றனர். டொயோட்டாவில் புதிதாகச் சேரும் பொறியாளர்களும் உற்பத்தி வரிசையில் நின்று பழகுவது வழக்கம். திருகாணியை முடுக்கிப் பாராதவர் அதைப் பிறர் எளிதாக முடுக்கும்படி வரைய இயலுமா?

இரண்டாவது தோழமை. உற்பத்தி வரிசையின் மேலே ஒரு கயிறு செல்லும். குறை கண்டவர் எவரும் அதை இழுக்கலாம். உடனே விளக்கு எரியும். குழுத் தலைவர் உதவிக்கு ஓடி வருவார். குறிப்பிட்ட நேரத்துக்குள் குறை தீராவிடில் வரிசை நின்றுவிடும். இழுத்தவரை எவரும் கடிந்துகொள்வதில்லை.

வேலை போய்விடுமென்று அஞ்சுபவர் கயிற்றைத் தொடுவாரா? 1980களின் பிற்பகுதியில் விற்பனை சரிந்தபோது நும்மி ஆட்குறைப்புச் செய்யவில்லை. எஞ்சிய ஆட்களுக்கு மேலும் பயிற்சி அளித்தது. தொடங்கிய சில ஆண்டுகளிலேயே அதன் கார்கள் ஜப்பானில் செய்தவற்றுக்கு ஏறத்தாழ ஈடான தரம் பெற்றன. ஆயினும் ஜெனரல் மோட்டார்ஸின் பிற ஆலைகளுக்கு இம்முறை எளிதில் பரவவில்லை. கயிற்றை ஒரே நாளில் கட்டிவிடலாம். நம்பிக்கை வளர ஆண்டுகள் வேண்டும். நும்மி 2010இல் மூடப்பட்டது. அவ்விடத்தை டெஸ்லா நிறுவனம் வாங்கிற்று. எனினும் அது புகட்டிய பாடம் இன்றும் பயன்படுவதே.

இதைப் படித்த பின் நண்பனிடம் உண்மையைச் சொன்னேன். "அப்பொழுதே சொல்லியிருக்கலாமே!" என்றான், அவ்வளவுதான். நான் அஞ்சிய வருத்தம் அவனிடம் இல்லவே இல்லை.

மாணவ நண்பர்களே, நாளை நம்முள் யார் எத்தொழிற்சாலைக்கு, எந்த அலுவலகத்துக்குச் செல்வோமோ அறியோம். தவறு கண்டவிடத்துச் சொல்லவும், சொன்னவரிடம் முகஞ்சுளிக்காமல் ஏற்கவும் இச்செய்முறைக் கூடத்திலேயே பழகிக்கொள்வோமாக.