குண்டழுத்தும் பொறி முறியாமற் காத்தல்

துப்பாக்கிக் குண்டுகளை ஈயத்தை உருக்கி வார்த்தே செய்வர் எனப் பலர் கருதுவர். உருக்காமலே, குளிர்ந்த ஈயத்தை எஃகு அச்சினுள் இட்டு, நெம்புகோற் பொறியால் அழுத்தி வடிவாக்கும் முறையும் உண்டு. இரண்டாம் உலகப் போரினால் அமெரிக்காவில் வேட்டைக்குரிய குண்டுகள் அரிதாயிருந்த காலத்தே, 1943-ஆம் ஆண்டில், கலிபோர்னியா மாகாணத்து ஓரோவில் என்னும் ஊரில் பிரெட் ஹண்டிங்டன் என்பவர் இத்தகைய அச்சுகளைச் செய்யத் தொடங்கினார். சுட்டெறிந்த சிறு தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளே ஈயத்துக்கு மேலுறையாயின. குப்பையிற் கிடந்தது குண்டாயிற்று.

ஈயமோ மெல்லிய உலோகம். அதனை அழுத்தும் பொறி முறிவதேன்? நெம்புகோலின் இயல்பை நோக்குவோம். கைப்பிடியைத் தாழ்த்தத் தொடங்குங்கால் தண்டு விரைந்தேறும். முடிவு நெருங்க நெருங்க அதன் நகர்ச்சி மயிரிழையளவாய்ச் சுருங்கும். நகர்ச்சி சுருங்குந்தோறும் விசை பெருகும். ஆதலின் இறுதிக் கணத்தில் ஒரு மனிதன் கைவலியே வார்ப்பிரும்புச் சட்டத்தைப் பிளக்கப் போதியதாகும். மெல்லெஃகு வளைந்து எச்சரிக்கும்; வார்ப்பிரும்பு எச்சரிப்பதில்லை.

எனவே அச்சை முதலில் உயரத்தே நிறுத்தி, குண்டு முழுவடிவம் பெறும்வரை சிறிது சிறிதாகக் கீழே திருகுதல் வேண்டும். கைப்பிடி நகர மறுத்தால் நீண்ட குழாயொன்றை அதிற் செருகி இழுப்பாரும் உளர். அவர்தம் பட்டறையில் முதலில் ஒளித்து வைக்கத்தக்கது அக்குழாயே. ஈயம் அளவின் மிகுந்திருக்கலாம். அந்திமனி கலந்து கடினமாயிருக்கலாம். மிகுந்த ஈயம் கசிந்தொழியச் சில அச்சுகளில் நுண்டுளைகள் உள. கடின ஈயம் அவற்றின் வழியே எளிதிற் செல்லாது. பொறி மறுக்கும்போது கையை எடுத்துவிட்டுக் காரணத்தைத் தேடுதலே முறை.

ஒவ்வொரு துண்டுக்கும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இன்றியமையாதது. நாம் நன்கறிந்த ஆமணக்கெண்ணெய் இதற்கு ஏற்றது. மிக்க அழுத்தத்திலும் அதன் படலம் எளிதில் அறாது. பூச்சின்றி அழுத்திய குண்டு அச்சினுட் சிக்கும். அதனை வெளித்தள்ளும் ஊசி மிக மெல்லியதாதலின் வளைந்தோ ஒடிந்தோ போகும். பழந்தோட்டாக் கூடுகளையும் நன்கு கழுவுதல் வேண்டும். அவற்றின் வெடிமருந்தில் கண்ணாடிப்பொடி கலந்திருப்பதுண்டு. அதன் எச்சம் அச்சின் உட்புறத்தைக் கீறிவிடும்.

கீல்களுக்கு எண்ணெயிடுவதும், பொறியை மேசையோடு பிணைக்கும் திருகாணிகளை இறுக்குவதும் சிறு வேலைகளே. சட்டத்தில் வெடிப்பு உண்டோ என ஐயுற்றால், மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரங்கழித்து நன்கு துடைத்து, சுண்ணக்கட்டிப் பொடியைப் பூசிப் பார்க்கலாம். உள்ளே ஊறிய எண்ணெய் கசிந்து வெண்மையில் கருங்கோடு காட்டும். கோடு கண்ட பொறியில் அதன்பின் ஒரு குண்டும் அழுத்தலாகாது.